பிளக்கைப் பிடுங்கிய பிறகு அடித்த ரேடியோ

ஏழு வாரம் மேஜையில் கிடந்த வால்வு ரேடியோ (டிரான்சிஸ்டருக்குப் பதில் சூடாகும் கண்ணாடிக் குழாய்கள் வைத்த பழைய வகை) ஒருவழியாகப் பாட ஆரம்பித்துவிட்டது. பாடிய கதையில் எழுதப் பெரிதாக ஒன்றுமில்லை. நடுவில் அது என்னை ஒரு தடவை அடித்தது. சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கி, அதை என் கண்ணெதிரே மேஜை மேல் போட்டுவிட்டுத்தான் கை வைத்தேன். அப்படியும் அடித்தது. இது அந்தக் கதை.

நான் காரைக்குடியில், செக்காலை ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் எல்இடி டிவி, இண்டக்‌ஷன் அடுப்பு, இன்வெர்ட்டர் போர்டு எல்லாம் பார்க்கிறவன். கெப்பாசிட்டரில் கரண்ட் நிற்கும் என்பது எனக்குப் புதுச் செய்தி இல்லை. டிவி போர்டு கைக்கு வந்தால், முதல் வேலையாகப் பெரிய கெப்பாசிட்டரின் இரண்டு காலையும் ஸ்க்ரூ டிரைவரால் தொட்டு, 'பட்' என்று சத்தம் வந்த பிறகுதான் மற்றதெல்லாம். ஆனால் வால்வு செட் என்றால் மட்டும் எனக்கு அந்தப் பயம் இருந்ததில்லை. எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர், "வால்வு செட்ட ஆஃப் பண்ணுனா உள்ள நிக்கிறத அதுவே குடிச்சிரும்டா" என்பார். அவர் சொன்னது பொய்யில்லை. எப்போது குடிக்கும் என்பதைத்தான் சொல்லாமல் விட்டுவிட்டார்.

செட் வந்தது கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீட்டிலிருந்து. டிவி பார்க்கப் போன இடத்தில், பட்டாலை ஓரம் மர அலமாரியைத் திறந்து ஆச்சி காட்டினார்கள். "இது பாடுமா பாருங்க தம்பி. அவுக இருக்கையில இதுலதான் சிலோன் கேப்பாக." தேக்குப் பெட்டி. முகப்பில் கம்பெனிப் பெயர்ப் பட்டை உதிர்ந்து இரண்டு ஆணி ஓட்டை மட்டும் இருந்தது. டயல் கண்ணாடியில் கொழும்பு, திருச்சி, ரங்கூன் என்று ஊர்ப்பெயர்கள். பதினோரு கிலோ. எக்ஸ்எல் வண்டியின் முன்னால் வைத்து, சாக்குப் போட்டுக் கட்டி ஊருக்குக் கொண்டுவந்தேன்.

பின்பலகையைக் கழற்றியதும் ஸ்பீக்கர் கூம்பில் மூன்று குளவிக்கூடு, மூலை முழுக்கக் கரப்பான் முட்டை. பெயின்ட் பிரஷ்ஷும் ஊதுகிற மோட்டாரும் வைத்து ஒரு பகல் முழுக்கச் சுத்தம் செய்தேன். அப்போதுதான் கவனித்தேன்: ஏசியை டிசியாக மாற்றும் ரெக்டிஃபையர் வால்வு இருக்க வேண்டிய சாக்கெட் காலியாக இருந்தது. எல்லாவற்றையும் தாங்கும் உலோகத் தட்டான சேசிஸின் அடியில் அதே சாக்கெட்டின் கால்களில் இரண்டு 4007 டயோடு பற்ற வைத்திருந்தது. அந்த ரெக்டிஃபையர் வால்வான இ.இசட். 80 கிடைக்காத காலத்தில் யாரோ செய்த வைத்தியம். குறை சொல்ல முடியாது, நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். பார்த்துவிட்டு, 'சரி, ஒரு வால்வு செலவு மிச்சம்' என்று நினைத்துக்கொண்டேன். பிறகு வந்த வினை எல்லாம் அந்த இரண்டு டயோடில்தான் இருந்தது.

ஃபில்டர் கெப்பாசிட்டர் பழைய அலுமினிய டப்பா வகை, ஒரே டப்பாவுக்குள் 50 மைக்ரோஃபாரட் இரண்டு, 350 வோல்ட். அடியில் உப்புப் பூத்தமாதிரி வெள்ளையாகக் கசிந்திருந்தது. எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் பல வருஷம் சும்மா கிடந்தால் உள்ளே அலுமினியத்தின் மேல் இருக்கும் ஆக்ஸைடு படலம் நலிந்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாக வோல்டேஜ் ஏற்றி அதைத் திரும்ப வளர்க்கலாம். 1953 முதல் மின்வேதியியலுக்கென்றே சிக்ரி ஆய்வகம் நடக்கிற ஊரில் இருந்துகொண்டு அதைச் செய்து பார்க்க ஆசைதான், ஆனால் கசிந்த டப்பாவை வளர்த்து என்ன செய்ய? டப்பாவை அழகுக்காக மேலே அப்படியே விட்டு, இணைப்பை வெட்டி, சேசிஸுக்கு அடியில் 47 மைக்ரோ 450 வோல்ட் இரண்டு போட்டேன். ஒன்று 35 ரூபாய். மெழுகு வழிந்த பேப்பர் கண்டென்சர்கள் ஒன்பதையும் மாற்றினேன், அது 110 ரூபாய்.

முதல் இரண்டு வாரம் ஒழுங்காகத்தான் போனது. மெயினுக்கும் செட்டுக்கும் நடுவில் தொடராக ஒரு பல்பு வரும் சீரிஸ் போர்டில் 60 வாட்ஸ் குண்டு பல்பு போட்டு ஏற்றினேன். பல்பு ஒரு நொடி பளிச்சென்று எரிந்து மங்கியது, வால்வுகள் சிவந்தன, ஸ்பீக்கரில் லேசான இரைச்சல். பத்துப் பன்னிரண்டு தடவை போட்டு நிறுத்தியிருப்பேன். ஒவ்வொரு தடவையும் நிறுத்தியதும் மீட்டர் வைத்துப் பார்த்தேன், மூன்று எண்ணுவதற்குள் 20 வோல்ட்டுக்குக் கீழே போய்விடும். ஆசான் சொன்னது சரிதான் என்று அதோடு மீட்டர் வைப்பதையே விட்டுவிட்டேன்.

மூன்றாவது ஞாயிறு காலை ஆறு மணி. புது டயல் விளக்கு போட்டிருந்தேன். அது எரிகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். நேராக மெயினில் சொருகி ஸ்விட்சைத் திருகினேன். மஞ்சளாக எரிந்தது. ஐந்து எண்ணியிருப்பேன், அணைத்தேன், பிளக்கைப் பிடுங்கினேன். செட்டைப் புரட்ட இடது கையால் சேசிஸ் விளிம்பைப் பிடித்து வலது கையை அடியில் கொடுத்தேன். நடுவிரல் கெப்பாசிட்டரின் பிளஸ் காலில் பட்டது.

மெயின் கரண்ட் அடித்தால் கையில் ஒரு நடுக்கம் ஓடும், அது எனக்குப் பழக்கம். இது ஒரே அடி. முழங்கையில் யாரோ சுத்தியலால் போட்டது போல இருந்தது. கை தானாக உதறியதில் செட் சரிந்து வைஸின் மூலையில் மோதி, ஸ்பீக்கரை ஓட்டும் வால்வான இ.எல். 84 கழுத்தோடு போனது. பி.இ.எல். முத்திரை போட்ட நல்ல வால்வு. விரல் நுனியில் கடுகளவு ஒரு வெள்ளைப் புள்ளி. வலது கையில் புகுந்து இடது கையில் வெளியேறினால் நடுவில் இருப்பது நெஞ்சு என்பது உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும்போதுதான் உறைத்தது.

சத்தம் கேட்டு மனைவி வந்து, "பிளக்கப் புடுங்கலையா?" என்றாள்.

"புடுங்கிட்டேன்."

"அப்புறம் எப்படி அடிக்கும்?"

பதில் தெரியவில்லை. மத்தியானம் அவள் வற்புறுத்தலில் ஈசிஜி எடுத்தோம். ஒன்றுமில்லை என்றார்கள். 300 ரூபாய்.

அடுத்து நான் போனது தப்பு வழி. கெப்பாசிட்டரைச் சந்தேகிக்கவே இல்லை. டிரான்ஸ்ஃபார்மர் லீக் ஆகிறது, சேசிஸில் மெயின் வருகிறது என்று முடிவு கட்டிவிட்டேன். பிடுங்கிய பிளக்கிலிருந்து மெயின் எப்படி வரும் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம், அடி வாங்கிய மண்டைக்கு அது எட்டவில்லை. வயரிங் வேலை பார்க்கும் நண்பரிடம் மெக்கர் (இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டர்) இரவல் வாங்கி இரண்டு சாயங்காலம் சுற்றினேன். டிரான்ஸ்ஃபார்மர் பழுதில்லாமல் இருந்தது. முப்பது வருஷம் மூடிக்கிடந்த சாமானுக்கு அது ஆச்சரியம்.

மூன்றாம் நாள்தான் அன்று காலை செய்ததை அப்படியே திருப்பிச் செய்து பார்க்கத் தோன்றியது. மீட்டரை டிசி 1000 ரேஞ்சில் வைத்து, கருப்பு முனையை சேசிஸில் கிளிப் போட்டு மாட்டி, சிவப்பை ஒரு கையால் மட்டும் பிடித்துக்கொண்டேன். இன்னொரு கையைப் பைக்குள் வைக்கச் சொல்வார்கள். வேட்டியில் பை ஏது, முதுகுக்குப் பின்னால் இடுப்பில் சொருகிக்கொண்டேன். ஐந்து எண்ணும் வரை போட்டு, அணைத்து, பிளக்கைப் பிடுங்கித் தொட்டேன். 338 வோல்ட்.

மீட்டரை மாட்டியபடியே விட்டால் அதுவே கொஞ்சம் குடிக்கும் என்பதால், எடுத்து எடுத்து வைத்துப் பார்த்தேன். ஒரு நிமிஷத்தில் 329. பத்து நிமிஷத்தில் 262. ஒரு மணி நேரத்தில் 118. மறுநாள் காலை கடைக்குக் கிளம்பும்போதும் எட்டு வோல்ட் மிச்சம்.

விஷயம் இவ்வளவுதான். வால்வு சூடானால்தான் கரண்ட் இழுக்கும். இ.இசட். 80 இருந்த காலத்தில் அதுவே சூடாகச் சில வினாடி ஆகும், அதற்குள் மற்ற வால்வுகளும் சூடாகிக்கொண்டிருக்கும். டயோடுக்குச் சூடு தேவையில்லை. ஸ்விட்சைத் திருகிய மறுகணமே கெப்பாசிட்டர் உச்சிவரை ஏறிவிடுகிறது. ஒரு நிமிஷம் ஓடிய செட்டை அணைத்தால், சூடாக இருக்கும் வால்வுகள் மிச்சத்தைக் குடித்துவிடும். ஐந்து வினாடியில் அணைத்தால் வால்வு ஒன்றும் விழித்திருக்காது, குடிக்க ஆளில்லை. இரண்டு கெப்பாசிட்டரும் சேர்த்து 94 மைக்ரோ, 338 வோல்ட்: உள்ளே நின்ற ஆற்றல் ஐந்து ஜூலுக்கு மேல். சுமை இல்லாதபோது 338 என்பதால், பழைய 350 வோல்ட் டப்பா விளிம்பில் நின்றுகொண்டிருந்தது என்பதும் இதில் தெரிந்தது. ராத்திரியில் எங்கள் தெருவில் மெயின் 245 வரும், அப்போது 350-ஐத் தாண்டியிருக்கும்.

காரணம் தெரிந்துவிட்டது. உள்ளே நிற்கும் கரண்டை இனி எப்படி இறக்குவது? ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம் என்று அன்றே முடிவு செய்தேன். என் பழைய டிரைவரின் நுனியை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தால் எலி கரும்பைக் கடித்தது போலக் குழி குழியாக இருக்கிறது. அத்தனையும் உருகித் தெறித்த இரும்பு, எந்தக் கண்ணிலும் படாதது அதிர்ஷ்டம். கெப்பாசிட்டரின் உள் இணைப்புக்கும் அந்த அடி நல்லதில்லை. டிவி போர்டில் சில தடவை பிரிண்ட் லைனே உரிந்து வந்திருக்கிறது, அதற்குப் பழியை வேறு எதன் மேலோ போட்டிருக்கிறேன்.

முதலில் செய்தது ஒரு சோம்பேறி ஏற்பாடு. டப்பாவில் கிடந்த 1 கே (ஆயிரம் ஓம்) கால் வாட்ஸ் ரெசிஸ்டரை ஒரு பழைய மீட்டர் முனையில் பற்ற வைத்து ஸ்லீவ் போட்டேன். கடையில் மூன்று டிவி போர்டில் அழகாக வேலை செய்தது. நாலாவதில் லேசாகக் கருகல் வாசனை. தொட்டாயிற்று, இறங்கியிருக்கும் என்று கையை நீட்டப் போனவன், பட்ட புத்தியால் மீட்டர் வைத்தேன். 190. ரெசிஸ்டர் பாதி வழியில் பிய்ந்துவிட்டிருந்தது. ஸ்லீவுக்குள் இருந்ததால் வெளியே ஒன்றும் தெரியவில்லை. 325 வோல்ட்டை 1 கே-யில் விட்டால் முதல் கணத்தில் 100 வாட்ஸுக்கு மேல். கால் வாட்ஸ் எத்தனை நாள் தாங்கும்?

அடுத்தது பழைய எலெக்ட்ரீஷியன்கள் செய்வது: ஹோல்டரில் ஜீரோ வாட்ஸ் பல்பு, இரண்டு ஒயர். பெயர்தான் ஜீரோ, இழுப்பது 15 வாட்ஸ். தொட்டால் ஒரு தடவை எரிந்து அணையும், இறங்கியது கண்ணுக்கே தெரியும். எனக்கும் பிடித்த முறை. பக்கத்துக் கடையில் 25 ரூபாய்க்குப் பல்பு வாங்கி, ஒயரை ரேடியோவில் வைத்தேன். மினுக்கென்று எரிந்து அணைந்தது. ஆஹா என்று மீட்டர் வைத்தால், 338 இருந்த இடத்தில் 335.

பல்பை உடைத்துப் பார்த்தேன். உருவம் பழைய ஜீரோ வாட்ஸ், உள்ளே எல்இடி. கரண்ட் போவதே ஒரு சின்ன கெப்பாசிட்டர் வழியாக. டிசியை அது விடாது, தான் நிரம்பும் அளவுக்கு ஒரு மடக்கு வாங்கிக்கொண்டு அடைத்துக்கொள்ளும். பார்ப்பவருக்கோ அச்சு அசல் டிஸ்சார்ஜ் ஆனது போலவே இருக்கும். இந்த ஏழு வாரத்தில் என்னை உண்மையில் பயமுறுத்தியது விரலில் வாங்கிய அடியைவிட இந்த மினுக்குதான். இன்று கடையில் கிடைக்கும் 'ஜீரோ வாட்ஸ்' பெரும்பாலும் இந்த ஜாதி. குண்டு பல்பின் உள்ளே கம்பி கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் நம்பலாம்.

இப்போது வைத்திருப்பது மூன்றாவது. 4.7 கே, 10 வாட்ஸ் வெள்ளை சிமென்ட் ரெசிஸ்டர் இரண்டை இணையாகப் பற்ற வைத்தேன், சேர்ந்து 2.35 கே. இரண்டு போட்டதற்குக் காரணம் அந்தக் கால் வாட்ஸ்தான். ஒன்று பிய்ந்தாலும் மற்றது வேலை செய்யும். பேனாக் கூட்டில் நுழையாது, அதனால் முக்கால் இஞ்ச் வயரிங் பைப்பில் பன்னிரண்டு சென்டிமீட்டர் வெட்டி உள்ளே விட்டேன். ஒரு முனையில் பழைய மீட்டர் முள், எம்சீல் வைத்து அடைப்பு. மறுமுனையில் பழைய அயர்ன் பாக்ஸ் ஒயர் இரண்டடி, அதன் கடைசியில் குரோக்கடைல் கிளிப். கையால் பிடிக்கும் இடத்தில் மேலே ஒரு வாஷர் ஒட்டினேன், விரல் முன்னால் வழுக்காமல் இருக்க. ரெசிஸ்டர் இரண்டும் 36, கிளிப் 10, எம்சீல் 20. பைப்பும் ஒயரும் சும்மா.

வேலை செய்யும் விதம்: கிளிப் முதலில் சேசிஸில். மீட்டரையும் அதே இடங்களில் மாட்டி, எண்ணைப் பார்த்துக்கொண்டே முள்ளை வைப்பேன். 338 ஒரு மூச்சு விடுவதற்குள் சுழியத்தருகே வந்துவிடுகிறது, பொறி இல்லை, சத்தம் இல்லை. ஐந்து எண்ணும் வரை எடுப்பதில்லை. அப்புறம் இரண்டாவது கெப்பாசிட்டர். இரண்டுக்கும் நடுவில் ஒரு 1 கே ரெசிஸ்டர் இருக்கிறது, அது நன்றாக இருந்தால் ஒன்றோடு மற்றதும் இறங்கும். அது பிய்ந்த செட்டைத்தானே பழுது பார்க்கக் கொண்டுவருவார்கள்? அதனால் ஒவ்வொன்றையும் தனியாகத் தொட வேண்டும். மீட்டரையும் நம்பிவிடக் கூடாது. தொடங்கும் முன்னும் முடித்த பின்னும் ஒரு 9 வோல்ட் பேட்டரியில் வைத்துப் பார்க்கிறேன். ஒரு தடவை ஏசி ரேஞ்சில் இருந்ததைக் கவனிக்காமல் சுழியம் என்று படித்துவிட்டேன். பேட்டரியிலும் சுழியம் காட்டியதால் பிழைத்தேன்.

இன்னொன்று, படித்திருக்கிறேனே தவிர கண்ணால் பார்த்ததில்லை, இப்போது பார்த்தேன். அரைமணி நேரம் ஓட்டிய செட்டை அணைத்து, 0.3 வோல்ட் வரை இறக்கி, கருவியை எடுத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். பத்து நிமிஷம் கழித்து 5.8 வோல்ட். எங்கிருந்தும் வரவில்லை, உள்ளேயே பதுங்கியிருந்தது ஊறி வருகிறது. ஆறு வோல்ட் கையை ஒன்றும் செய்யாது. ஆனால் பெரிய கெப்பாசிட்டர்களின் இரண்டு காலையும் ஒயரால் கட்டியே வைத்திருப்பார்களே, அது ஏன் என்று புரிந்தது. இப்போது வேலை முடியும் வரை கிளிப்பும் முள்ளும் அங்கேயே மாட்டியிருக்கும், முள்ளுக்கும் ஒரு கிளிப் செய்துவிட்டேன். மறந்துபோய் அப்படியே சுவிட்சைப் போட்டால் ரெசிஸ்டர் சுடும் என்பதால், ஒயரின் மேல் சிவப்புத் துணி கட்டியிருக்கிறேன்.

இந்தக் கருவி வால்வு செட்டுக்கும் டிவி போர்டுக்கும்தான். மைக்ரோவேவ் அவன் கெப்பாசிட்டர் 2000 வோல்ட்டுக்கு மேல் போகும் ஜாதி, உள்ளேயே 10 மெகா ரெசிஸ்டர் வைத்திருப்பார்கள், அது செத்திருந்தால் வெளியே தெரியாது. அதற்குத் தனி ஏற்பாடு வேண்டும். நான் மைக்ரோவேவ் எடுப்பதில்லை, கடையில் எழுதியே போட்டிருக்கிறேன்.

ரேடியோவுக்கு வருவோம். இ.இசட். 80 தேடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகளில் இரண்டு நடை நடந்தேன். பர்மாத் தேக்குத் தூண், எனாமல் வாளி, வால்வு ரேடியோப் பெட்டி எல்லாம் இருக்கிறது. பெட்டிக்குள் வால்வுதான் இல்லை, ஹோட்டல்காரர்கள் அழகுக்கு வாங்குவதால் யாரும் உள்ளே பார்ப்பதில்லை. ஒரு கடையில் இ.எல். 84 ஒன்று 450 ரூபாய்க்குக் கிடைத்தது. இ.இசட். 80 கிடைக்கவில்லை. சரி என்று டயோடையே வைத்து, அதற்குப் பின்னால் 150 ஓம் 5 வாட்ஸ் ஒன்று போட்டேன். முக்கியமாக, முதல் கெப்பாசிட்டருக்குக் குறுக்கே 100 கே 1 வாட்ஸ் இரண்டைத் தொடராகப் போட்டேன். ஒன்றே போட்டால் 350 வோல்ட்டை அது தனியாகத் தாங்க வேண்டும், இரண்டென்றால் ஆளுக்குப் பாதி. விலை நாலு ரூபாய். மறுபடி அதே ஐந்து வினாடி சோதனை: 338-லிருந்து 48-க்கு இறங்க, தாளில் கணக்குப் போட்டபோது 37 வினாடி வந்தது, கடிகாரத்தில் 35.

அடுத்த செட்டுக்கு இந்த நாலு ரூபாய் ரெசிஸ்டரைத்தான் முதலில் போடுவேன், குளவிக்கூட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். சீரிஸ் போர்டில்லாமல் 'சும்மா ஒரு நிமிஷம்' என்று எதையும் மெயினில் சொருக மாட்டேன். கருவிக்கு இன்னும் கொஞ்சம் நீளமான ஒயர் வேண்டும், இரண்டடி போதவில்லை.

மொத்தச் செலவு, ஈசிஜியைச் சேர்த்து 1,040 ரூபாய். ஆச்சியிடம் ஈசிஜியைக் கணக்கில் சொல்லவில்லை.

போன ஞாயிறு கொண்டுபோய் வைத்தேன். பட்டாலையில் அப்போதுதான் துடைத்த ஆத்தங்குடித் தரை ஈரமாக இருந்தது. காயட்டும் என்று கால் மணி நேரம் உட்கார்ந்தேன், செருப்பில்லாத காலோடு ஈரத் தரையில் நின்று செட்டைத் தொட எனக்கு மனசு வரவில்லை. பின்பலகையின் உள்பக்கம் ஓர் அட்டை ஒட்டியிருக்கிறேன்: 'அணைத்த பின் ஒரு நிமிஷம் பொறுக்கவும். பிறகும் மீட்டர் வைத்துப் பார்க்கவும். டயோடு போட்ட செட்.' தேதியும் போட்டேன். டயோடு போட்டவர் இப்படி ஒரு துண்டுக் காகிதம் வைத்திருந்தால் எனக்கு ஒரு இ.எல். 84 மிச்சமாகியிருக்கும்.

சுவிட்சைத் திருகியதும் ஆச்சி, "என்ன தம்பி, பாடலையே?" என்றார்கள். வால்வு சூடாகட்டும் ஆச்சி என்றேன். அரை நிமிஷம் ஆனது. மீடியம் வேவில் ஒரு மூலையில் நாதஸ்வரம் வந்தது, இரைச்சலோடு. சிலோன் வருமா என்று முள்ளைத் தள்ளிப் பார்த்தார்கள், குமிழ் சுற்றுகிறது, முள் நகர மாட்டேன் என்கிறது. டயல் கயிறு வழுக்குகிறது. அதற்கு இன்னொரு ஞாயிறு போக வேண்டும்.